அந்த மேனேஜரைக் கத்த வைக்காதீர்கள்

அலுவலக வாழ்க்கையைப் படமாக்கும் இயக்குநர்களுக்கும், அதற்குக் கதை எழுதுபவர்களுக்கும் வணக்கம்.

நான் 17 வருடமாக கார்ப்பரேட் கம்பெனிகளில் வேலை பார்க்கிறேன், அதில் கடைசி 8 வருடம் மேனேஜராக. வேலை அழுத்தத்தைப் பற்றி ஒரு படம் வருகிறது என்று தெரிந்தால் முதல் வாரமே போய்ப் பார்த்துவிடுவேன். நம் கதையையும் பேச ஆள் இருக்கிறார்களே என்ற சந்தோஷம் எனக்கு உண்மையிலேயே உண்டு, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில்தான் படம் என்னிடமிருந்து விலகிப் போகிறது. கண்ணாடி அறைக்குள் மேனேஜர் கத்துவார், ஃபைலைத் தூக்கி எறிவார், வெளியே எல்லோரும் தலையைக் குனிந்துகொள்வார்கள். அந்தக் காட்சியைப் பார்க்கும் மேனேஜர்களுக்கு அதோடு நிம்மதி வந்துவிடும். நான் கத்துகிற ஆள் இல்லையே, அப்போ இது என்னைப் பற்றிய படம் இல்லை. நானும் பல வருடம் அப்படித்தான் நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

இத்தனை வருடத்தில் யாரும் ஃபைலை எறிந்து நான் பார்த்ததில்லை. நான் பார்த்த கொடுமையெல்லாம் மரியாதையான வார்த்தைகளில்தான் நடந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பையைத் தோளில் மாட்டும்போது சாட்டில் "ஒரு ஐந்து நிமிடம் இருக்கா?" என்று வரும், என்ன விஷயம் என்று இருக்காது. "அவசரமே இல்லை, திங்கட்கிழமை காலையில் கிடைத்தால் போதும்" என்பார்கள், அதாவது சனியும் ஞாயிறும் போச்சு. வழக்கமாகப் போகிற ஒரு மெயிலில் திடீரென்று உங்கள் மேனேஜரின் மேனேஜர் சிசியில் ஏறியிருப்பார், அதில் ஒரு கடுமையான சொல்கூட இருக்காது, ஆனால் அன்றைக்கு ராத்திரி தூக்கம் வராது. இதைப் படமாக்குவது கஷ்டம்தான், கேமராவுக்குப் பிடிக்கிற மாதிரி இதில் ஒன்றுமே அசைவதில்லை. இருந்தாலும் இதைப் பிடித்தால்தான் எங்கள் ஆபீஸைப் பிடித்த மாதிரி.

நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்கிறேன். ஒரு வருடம் அப்ரைசலில், அதாவது வருடாந்திர வேலை மதிப்பீட்டில், என் டீமில் 11 பேர். எல்லோரும் நன்றாக வேலை செய்த வருடம் அது. மேலிருந்து வந்த பெல் கர்வ்படி, அதாவது இத்தனை பேர் மேலே, இத்தனை பேர் கீழே என்று முன்கூட்டியே போட்ட பங்கீட்டின்படி, இரண்டு பேரைக் கடைசி ரேட்டிங்கில் வைத்தே ஆகவேண்டும். எக்செல் ஷீட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன், அப்புறம் யாரைப் போட்டால் சண்டைக்கு வரமாட்டார்களோ அவர்களைப் போட்டேன். வேலையைப் பார்த்துப் போடவில்லை, குணத்தைப் பார்த்துப் போட்டேன். அதில் ஒருவர் நான்கு வருடமாக டீமில் இருந்த பெண், லீவு எடுக்கவே தயங்குகிறவர். மீட்டிங் அறையில் விஷயத்தைச் சொன்னபோது அவர் அழவில்லை, கேள்வி கேட்கவில்லை. "சரி" என்றார். ஒரு சின்ன நோட்டை விரித்து, "நான் எதைச் சரி செய்யணும், சொல்லுங்க" என்று பேனாவோடு காத்திருந்தார். சொல்வதற்கு என்னிடம் ஒன்றுமே இல்லை. வாய்க்கு வந்தபடி "விசிபிலிட்டி கொஞ்சம் குறைவு" என்றேன், அதாவது அவர் வேலை மேலே இருக்கிறவர்கள் கண்ணில் படவில்லை என்று. அவர் அதைத் தேதி போட்டு எழுதிக்கொண்டார்.

நான் குரலை உயர்த்தவே இல்லை. தண்ணீர் வேண்டுமா என்றுகூடக் கேட்டேன். அந்த ஷீட்டை அனுப்பியவரும் அதை யாரிடமிருந்தோ வாங்கித்தான் அனுப்பினார். உங்கள் படங்களில் எனக்குக் கிடைக்காதது இந்தச் சங்கிலிதான். இதற்கு ஒரு வரலாறும் இருக்கிறது. ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் தலைவராக இருந்த ஜாக் வெல்ச் 1980-களில் ஊழியர்களை மேலே 20 சதவீதம், நடுவில் 70, கீழே 10 என்று பிரித்தார், அந்தக் கீழே இருக்கிற 10 சதவீதம் வெளியே போகவேண்டியவர்கள். அதைப் பார்த்து எத்தனையோ கம்பெனிகள் எடுத்துக்கொண்டன. மைக்ரோசாஃப்ட் 2013-இல் தன் ரேட்டிங் பங்கீட்டைக் கைவிட்டது, ஆனால் வேறு இடங்களில் வேறு பெயர்களில் அது இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. எங்கோ ஒருவர் போட்ட கணக்கு பல வருடம் கழித்து ஒரு சின்ன நோட்டில் "விசிபிலிட்டி" என்ற வார்த்தையாக வந்து உட்காருகிறது, இதைவிட என்ன கதை வேண்டும்?

நீதிமன்றமே இதைப் புரிந்துகொண்ட ஒரு வழக்கு இருக்கிறது, உங்களில் யாராவது அதை உட்கார்ந்து படிக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பிரான்ஸ் நாட்டின் தொலைபேசி நிறுவனமான பிரான்ஸ் டெலிகாம் 2006-இலிருந்து மூன்று வருடத்தில் 22,000 பேரை வெளியேற்றத் திட்டம் போட்டது. ஊழியர்களில் பெரும்பாலானோர் அரசு ஊழியர் அந்தஸ்து உள்ளவர்கள், வேலையை விட்டு எடுக்க முடியாது. அதனால் இடமாற்றம், வேலை மாற்றம், தானாகவே போகிற அளவுக்கு நெருக்கடி. வாசல் வழியாகவோ ஜன்னல் வழியாகவோ இவர்களை அனுப்பிவிடுவேன் என்று அப்போதைய தலைமை அதிகாரி மேலாளர்கள் கூட்டத்தில் பேசியது பதிவாகியிருக்கிறது. விசாரணையில் எடுத்துக்கொண்டது 39 ஊழியர்களின் கதை, அதில் 19 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். 2019 டிசம்பரில் பாரிஸ் நீதிமன்றம் நிறுவனத்தையும் அந்த அதிகாரியையும் குற்றவாளிகள் என்றது. 2025 ஜனவரியில் அந்த நாட்டின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது: ஒரு கொள்கையே துன்புறுத்தலாக முடியும், கொள்கை வகுத்தவரும் பாதிக்கப்பட்டவரும் நேருக்கு நேர் பார்த்திருக்கவேண்டும் என்று இல்லை. சட்டப் புத்தகத்துக்குள் வந்துவிட்ட இந்த உண்மை திரைக்கு மட்டும் ஏன் வரமாட்டேன் என்கிறது?

பர்ன்அவுட்டை, அதாவது வேலை அழுத்தத்திலேயே ஆள் தீர்ந்துபோவதை, நீங்கள் காட்டும் விதத்தைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் அதை வேலை சார்ந்த ஒரு நிலையாக வரையறுத்தபோது மூன்று அடையாளங்களைச் சொன்னது: சக்தி வற்றிப்போவது, வேலையிலிருந்து மனசு விலகிப்போவது அல்லது அதன் மேல் கசப்பு வருவது, முன்பு செய்த அளவுக்குச் செய்ய முடியாமல் போவது. உங்கள் படங்களில் முதலாவது மட்டும்தான் வருகிறது, பாத்ரூமில் அழுகை, கலைந்த தலை, மேஜையிலேயே தூக்கம். இரண்டாவதுதான் என்னைப் பயமுறுத்துகிறது. அது வந்தவர் பார்க்க நன்றாகவே இருப்பார். சிரிப்பார், ஸ்டேட்டஸ் காலில் எல்லாவற்றுக்கும் "டன்" என்பார். அந்த அப்ரைசலுக்குப் பிறகு அந்தப் பெண் அப்படித்தான் ஆனார். முன்பெல்லாம் ஒரு தப்பைக் கண்டுபிடித்தால் என் இடத்துக்கே ஓடி வந்து சொல்வார், அதற்கப்புறம் ஓடி வரவே இல்லை. எட்டு மாதம் கழித்து ரிசைன் பண்ணினார். எக்ஸிட் இண்டர்வியூவில் காரணம் "சொந்தக் காரணங்கள்".

அதனால்தான் உங்கள் கிளைமாக்ஸும் எனக்கு ஒட்டுவதில்லை. ஹீரோ ஐடி கார்டைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு நடந்து போகிறார், எல்லோரும் எழுந்து நின்று கைதட்டுகிறார்கள். கடன் தவணை கட்டுகிறவரால், மூன்று மாத நோட்டீஸ் பீரியட் இருக்கிறவரால் அப்படிப் போக முடியாது. சரி, போகிறார் என்றே வைத்துக்கொள்வோம், கேமராவை அவர் பின்னாடி அனுப்பாமல் அடுத்த திங்கட்கிழமை வரைக்கும் அந்த டீமிலேயே நிறுத்திவையுங்கள். அவருடைய வேலையை மூன்று பேருக்குப் பிரித்துக் கொடுப்போம், "ஆள் எடுக்கிற வரைக்கும்தான்" என்று சொல்வோம், ஆள் எடுக்க மாட்டோம். வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை பார்ப்பவர்களுக்கு, 35-40 மணி நேரம் பார்ப்பவர்களைவிடப் பக்கவாத அபாயம் 35 சதவீதமும் இதய நோயால் இறக்கும் அபாயம் 17 சதவீதமும் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் 2021-இல் கணக்கிட்டுச் சொன்னார்கள். அந்த 55-வது மணி நேரம் பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது, போனவருடைய வேலையாக.

இதைச் சொல்லும்போது உங்கள் படப்பிடிப்புத் தளத்தையும் நினைத்துக்கொள்கிறேன். 1997-இல் ஹாலிவுட்டில் ஒரு துணை ஒளிப்பதிவாளர் 19 மணி நேரம் வேலை பார்த்துவிட்டுக் கார் ஓட்டி வீட்டுக்குப் போகும் வழியில் தூங்கிப்போய் விபத்தில் இறந்தார். அதற்குப் பிறகு ஹாஸ்கெல் வெக்ஸ்லர் என்ற மூத்த ஒளிப்பதிவாளர், 12 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது என்று விடாமல் போராடினார், 2006-இல் அதைப் பற்றி ஓர் ஆவணப்படமும் எடுத்தார். அழுத்தம் என்றால் என்னவென்று தெரிய நீங்கள் ஆபீஸுக்கு வந்து ஆராய்ச்சி செய்யவேண்டியதில்லை, நாளைக்கு காலையில் எத்தனை மணிக்கு வரச் சொல்லியிருக்கிறீர்கள் என்று உங்கள் உதவி இயக்குநரிடம் கேட்டாலே போதும்.

ஆபீஸ் பக்கம் என்ன நடக்கிறது என்று தெரியவேண்டுமென்றால் என்னை மாதிரி ஆட்களிடம் வாருங்கள். பாதிக்கப்பட்டவர்களிடம் மட்டும் பேசிவிட்டுப் போகாதீர்கள், ஷீட்டை நிரப்பியவர்களிடமும் பேசுங்கள். நான் அந்த மீட்டிங் அறையில் சொன்னதையும் சொல்லாததையும் ஒன்று விடாமல் சொல்கிறேன், அவர் எழுதி முடிக்கும்வரை எங்கே பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதையும் சேர்த்து.