ஃபார்மேட் செய்தால் கார்டு தேய்ந்துவிடுமா?

ஐயா,

கும்பகோணத்தில் 22 ஆண்டுகளாகத் திருமணப் படம் எடுத்து வருகிறேன். போன வாரம் மெமரி கார்டு வாங்கப் போன இடத்தில், 'அடிக்கடி ஃபார்மேட் செய்யாதே தம்பி, ஆயுள் குறைந்துவிடும்' என்று கடைக்காரர் என் உதவியாளனுக்கு உபதேசம் செய்துவிட்டார். அன்றிலிருந்து பையன் மண்டப வாசலில் உட்கார்ந்து, கார்டை ஒரேயடியாகக் காலியாக்கும் ஃபார்மேட்டை விட்டுவிட்டு, பழைய படங்களை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருக்கிறான்.

சாதாரண ஃபார்மேட், எந்தப் படம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணையைத்தான் முக்கியமாகத் திருத்தி எழுதுகிறது. படத்தைச் சேமிக்கும் நுண்ணிய செல்களைத் தேய்ப்பது, அழித்து அழித்து எழுதும் வேலை. 64 ஜிபி கார்டை ஒரு முகூர்த்தத்தில் நிரப்புகிறோமே, அதன் முன் இந்தத் தேய்மானம் தூசு. கணினியில் முழு ஃபார்மேட் செய்தால்தான் கார்டு முழுக்க ஒருமுறை எழுதப்படும். அதுவும் ஒரு கல்யாணக் கணக்குதான்.

தாலி கட்டும் படங்கள் இருந்த கார்டை நானே ஒருமுறை தவறுதலாக ஃபார்மேட் செய்தேன். கை நடுங்கியது. அதன்மேல் ஒரு படம்கூட எடுக்காமல் கழற்றிச் சட்டைப் பையில் போட்டேன். அன்றிரவு மீட்பு மென்பொருளில் இரண்டு படங்கள் தவிர மற்றவை கிடைத்தன.

படம் பதிவாகிக்கொண்டிருப்பதைக் காட்டும் கேமராவின் சிவப்பு விளக்கு எரியும்போதே கார்டை உருவுகிறார்களே, கடைக்காரர் அதையல்லவா கண்டித்திருக்க வேண்டும்? கார்டின் மேல் வேகத்தைக் கொட்டை எழுத்தில் போடும் நிறுவனங்களும், அதன் ஆயுளில் மொத்தம் எத்தனை டெராபைட் எழுதலாம் என்பதைப் பெரும்பாலும் அச்சிடுவதில்லை. அச்சிடட்டும்.

– ஒரு புகைப்படக்காரர், கும்பகோணம்