குடிநீர்த் தரத்தில் பி.எஃப்.ஏ.எஸ்.ஸுக்கும் ஓர் அளவு வையுங்கள்

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரக் குழுவினருக்கு,

வணக்கம். குடிநீருக்கான உங்கள் ஐ.எஸ். 10500 தரத்தில் ஈயத்துக்கு வரம்பு உண்டு, ஆர்சனிக்குக்கு உண்டு, பூச்சிக்கொல்லியான டி.டி.டி.க்குக்கூட உண்டு. 2012 பதிப்பில் பி.எஃப்.ஏ.எஸ். பற்றி ஒரு வரி இல்லை. ஒட்டாத தவா, மழைக்கோட்டு, எண்ணெய் ஊறாத பார்சல் காகிதம், தீயணைப்பு நுரை என எங்கும் புழங்கிய ரசாயனக் குடும்பம் இது. மண்ணிலும் நீரிலும் லேசில் அழியாது. இதில் ஒன்றான பி.எஃப்.ஓ.ஏ. நம் இரத்தத்தில் பாதியாகக் குறையவே சில ஆண்டுகள் பிடிக்கும். கொழுப்பு அமிலத்தின் சாயலில் இருப்பதால் கல்லீரல் அதைச் சேர்த்து வைத்துக்கொள்கிறது.

நான் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். கல்லீரல் பாதிப்பைக் காட்டும் எஸ்.ஜி.பி.டி. அளவு ஏறிய ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு, "நான் குடிக்கவே மாட்டேனே மேடம்" என்று நிற்பவர்கள் நிறையப் பேர். சர்க்கரை, எடை, மாத்திரை, காமாலை வைரஸ் என்று டாக்டர்கள் தேடுவார்கள், தேடத்தான் வேண்டும். குடிக்கும் தண்ணீரைப் பற்றி யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் சொல்ல நம்மிடம் அளவீடு இல்லை.

அமெரிக்காவின் பார்க்கர்ஸ்பர்க் பகுதியில் டுபாண்ட் ஆலையின் பி.எஃப்.ஓ.ஏ. குடிநீரில் கலந்தது. சுமார் 69,000 பேரின் உடல்நல விவரங்களைத் திரட்டினார்கள். இரத்தத்தில் அது கூடக் கூட எஸ்.ஜி.பி.டி.யும் சற்றே கூடியிருந்தது. கல்லீரல் நோய்க்கே பி.எஃப்.ஓ.ஏ. காரணமாகலாம் என்று சொல்லும் அளவுக்குச் சான்று இருப்பதாக 2012இல் அங்குள்ள அறிவியல் குழு சொல்லவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் 2022இல் நூற்றுக்கு மேற்பட்ட மனித, எலி ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோதும் அதே ஏற்றம்தான் தெரிந்தது. நோய் நிரூபணமாகட்டும் என்று காத்திருந்தால், அதுவரை குடித்தது உடம்பிலேயே தங்கிவிடும்.

2024 ஏப்ரலில் அமெரிக்கா பி.எஃப்.ஓ.ஏ., அதே குடும்பத்தின் பி.எஃப்.ஓ.எஸ். ஒவ்வொன்றுக்கும் லிட்டருக்கு 4 நானோகிராம் என்று வரம்பு வைத்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் பி.எஃப்.ஏ.எஸ்.ஸின் 20 வகைகளுக்கும் சேர்த்து 100 நானோகிராம். நமக்கு எது சரி என்று நீங்கள் முடிவெடுங்கள். எண் என்று ஒன்று இருந்தால்தான் குடிநீர் வாரியங்கள் சோதிக்கும், லேப்கள் கருவி வாங்கும்.

வீட்டில் ஆர்.ஓ. வைத்துக்கொள்ளச் சொல்லி முடித்துவிடாதீர்கள். அது பெரும்பகுதியைப் பிரிக்கும், உண்மைதான். பிரிந்தது கழிவுக் குழாய் வழியே சாக்கடைக்கும் அப்புறம் ஆற்றுக்கும்தானே போகிறது? தெருக்குழாயில் குடம் பிடிப்பவருக்கு அந்த வசதியும் இல்லை. கொதிக்க வைத்தாலும் இது போகாது.

திருத்த வரைவை வெளியிட்டு மக்கள் கருத்தைக் கேளுங்கள். ரசாயன, ஜவுளி, தோல் ஆலைகளை ஒட்டிய ஊர்களின் போர்வெல்களிலும் குப்பைக் கிடங்குகளைச் சுற்றியும் முதலில் சோதிக்க வழிசெய்யுங்கள். முடிவுகளை அந்தந்த ஊர் மக்களுக்குத் தெரியும்படி வெளியிடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு லேப் டெக்னீஷியன், சென்னை