மெக்சிகோவின் சதுக்கங்களுக்கு அரை நாள் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மெக்சிகோ பயணம் என்றதும் பிரமிடுகளும் கான்குன் கடற்கரையும்தான் திட்டத்தில் முன்னே நிற்கின்றன. தலைநகரின் பழைய பேட்டைகளுக்கு மிஞ்சுவது அரை நாள். கணவன் மனைவியாக நிதானமாகச் சுற்ற நினைப்பவர்களுக்கு இது பெரிய இழப்பு. அங்கே சதுக்கங்களை அமைத்ததே உட்காருவதற்காகத்தான்: இரும்பு பெஞ்சுகள், மர நிழல், பல இடங்களில் நடுவே வாத்திய மேடை.

மெக்சிகோ சிட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. முதல் நாள் படியேறினாலே மூச்சு வாங்கும், சிலருக்குத் தலைவலியும் வரும். அன்று நகர மையத்தின் பெரிய சதுக்கமான ஸோக்கலோவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அஸ்டெக்குகளின் தெனோச்தித்லான் ஏரிக்குள் இருந்த நகரம்; அதன்மேல்தான் ஸ்பானியர் தங்கள் நகரைக் கட்டினார்கள். அடியில் உள்ள களிமண் இடத்துக்கு இடம் வெவ்வேறு அளவில் அமிழ்வதால், 1573இல் கட்டத் தொடங்கிய, ஸோக்கலோவின் பேராலயமே சாய்ந்திருக்கிறது. நடைபாதைக் கற்களும் ஏறி இறங்கிக் கிடக்கும். தடித்த அடியுள்ள காலணி அவசியம்.

போராட்டமோ விழாவோ நடந்தால் ஸோக்கலோ மெட்ரோ நிலையத்தை மூடிவிடுவார்கள். அதே இரண்டாம் தடத்தில் அயெந்தே அல்லது பெயாஸ் ஆர்த்தெஸில் இறங்கி நடந்துவிடலாம். ஸ்பானிஷ் தெரியாதே என்ற கவலை வேண்டாம். ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு படக்குறி உண்டு. ஸோக்கலோவுக்கு வடக்கே சற்று நடந்தால் சாந்தோ தொமிங்கோ சதுக்கம். அதன் வளைவு மண்டபத்தில் தட்டச்சு இயந்திரத்தோடு அமர்ந்து மனு எழுதித் தருபவர்களும், அழைப்பிதழ் அச்சிடும் சிறு அச்சகத்தாரும் இருக்கிறார்கள். பல வழிகாட்டிகள் தவறவிடும் இடம் இது. வார நாளில் போங்கள்.

தலைநகரின் தெற்கே உள்ள பழைய பேட்டையான கொயோவகானுக்குப் போகிறவர்கள் பெயரை நம்பி கொயோவகான் மெட்ரோவில் இறங்கிவிடுகிறார்கள். அங்கிருந்து சதுக்கம் தூரம். மூன்றாம் தடத்தில் அடுத்து வரும் விவெரோஸ் நிலையத்தில் இறங்கி, பூங்காவை ஒட்டித் தெற்கே நடந்தால், சிறிய பான்சகோலா தேவாலயமும் பழைய கல்பாலமும் வரும். அங்கே இடப்பக்கம் திரும்பினால் பிரான்சிஸ்கோ சோசா தெரு. கல் பாவிய அந்தத் தெரு, மஞ்சள் நிறச் சாந்தா கத்தரினா கோயிலைக் கடந்து, கொயோட்டி என்னும் ஓநாய் போன்ற விலங்கின் சிலைகள் நிற்கும் நீரூற்றுப் பூங்காவில் கொண்டுவிடும். வேர்கள் நடைபாதையைத் தூக்கியிருப்பதால் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடக்கக் கூடாது.

பயணம் கெடுவது பெரும்பாலும் கிழமையால்தான். கொயோவகானில் உள்ள, ஓவியர் ஃப்ரீடா காலோவின் நீல வீடு உட்படப் பல அருங்காட்சியகங்களுக்குத் திங்கள் விடுமுறை. நீல வீட்டுக்கு இணையத்தில் முன்பே சீட்டு வாங்காவிட்டால் வாசலோடு திரும்ப வேண்டியதுதான். ஞாயிறு மாலை கொயோவகானில் பெஞ்சு கிடைக்காது. வார நாள் காலையே நல்லது. இன்னொரு பழைய பேட்டையான சான் ஆங்ஹெலில் சான் ஹசிந்தோ சதுக்கத்தின் ஓவிய, கைவினைச் சந்தைக்குச் சனிக்கிழமை போக வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை பெரும்பாலும் பிற்பகலில்தான் கொட்டும். அதனால் நடையைக் காலையில் முடித்து, இரண்டு மணிவாக்கில் ‘கொமீதா கொரிதா’ என்னும் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்துவிடலாம்.

சைவ உணவுக்காரர்கள் கவனிக்க வேண்டியது: மசித்த பீன்ஸில் பன்றிக் கொழுப்பும், சோற்றில் கோழிச் சாறும் சேர்ப்பது வழக்கம். “இறைச்சி வேண்டாம்” என்று மட்டும் சொன்னால் போதாது; கோழியும் கொழுப்பும் வேண்டாம் என்று தனித்தனியாகச் சொல்ல வேண்டும். பூசணிப்பூவோ கள்ளித்தண்டோ வைத்து மடித்த ரொட்டியான கெசதியா கேட்கலாம். தலைநகரில் சீஸ் வேண்டுமென்றால் அதையும் சொல்லியே ஆக வேண்டும். குழாய்த் தண்ணீர் குடிக்கக் கூடாது.

பயணப் பகுதியில் ஊர்ப்பெயர்களோடு, எந்தக் கிழமை, எந்த வேளை, எந்த நிலையம் என்பதையும் சேர்த்து வெளியிட வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
வாசகத் தம்பதி,
திருச்சி