நகர் நலச் சங்கம், முடிச்சூர்: செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

தெருவிளக்கு, சாலை, சந்தா பாக்கி விவரங்களைப் பொருளாளர் வாசிப்பார். போன ஆண்டு கேட்டதுதான், பெரிய மாற்றமில்லை. எனக்குச் சொல்ல இருப்பது செப்டம்பரில் நடத்திய வெள்ள ஒத்திகை பற்றி.

2015 டிசம்பரை நமக்கு யாரும் நினைவூட்ட வேண்டியதில்லை. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை கொட்டி அடையாறு பெருகியபோது, 'வாசப்படிக்கு வரட்டும், பார்க்கலாம்' என்று உட்கார்ந்திருந்தோம். அப்புறம் மொட்டை மாடியில்தான் பொழுது விடிந்தது. 2023 மிக்ஜாம் புயலிலும் நாம் பெரிதாகத் திருந்திவிடவில்லை.

ஒத்திகையில் விசில் ஊதியதும் மெயின் சுவிட்சை அணைத்து, சிலிண்டர் ரெகுலேட்டரை மூடி, பையோடு 15 நிமிடத்தில் தெருமுனைக்கு வர வேண்டும். கடைசியாக வந்தது செயலாளர் வீடு. வீட்டுப் பத்திரம் பீரோ லாக்கரில்; லாக்கர் சாவி, வீட்டுக்காரி 'பத்திரமாக' வைத்த இடத்தில். அந்த இடம் அவருக்கே நினைவில்லை. இப்போது பத்திரம், ரேஷன் அட்டை, ஆதார் எல்லாம் ஜிப் கவரில், கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகின்றன. கூடவே ஒரு வாரத்துக்குச் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகள், டார்ச், சில்லறை நோட்டுகள். 2015இல் ஏ.டி.எம்.மும் போனும் செத்துக் கிடந்தது ஞாபகமிருக்கும். அதனால் உறவினர் எண்களோடு 1070, 1077 என்ற கட்டுப்பாட்டு அறை எண்களையும் தாளில் எழுதி வையுங்கள்.

நடக்க முடியாத ஒரு பாட்டியை பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்து இருவர் தூக்கினார்கள். நாலாவது படியில் நாற்காலிக் கால் வளைந்தது. நல்லவேளை, தண்ணீர் இல்லாத நாள். கைப்பிடி வைத்த இரும்பு நாற்காலி ஒன்று வாங்க ஒப்புதல் கேட்கிறோம்.

தெருமுனை கல்வெர்ட்டை (சிறுபாலத்தை) தண்ணீர் தொட்டால் முதியோரும் கைக்குழந்தை உள்ளவர்களும் கிளம்பிவிடுவது என்றும் குழு முடிவு செய்தது. 'பூட்டிய வீட்டில் திருடன் வந்தால்?' என்று கேட்டார்கள். நியாயமான பயம்தான், மாடிவீட்டு இளைஞர்கள் பார்த்துக்கொள்ள ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

நவம்பர் 30, ஃபெஞ்சல் புயலன்று தண்ணீர் கல்வெர்ட்டை எட்டவில்லை. முன்கூட்டியே கிளம்பி மறுநாள் திரும்பிய 2 குடும்பங்களைச் சிலர் கிண்டல் செய்தார்கள். இதைக் குழு வருத்தத்துடன் பதிவு செய்கிறது.

விசில் வாங்கிய ரசீது கணக்கில் உள்ளது. 3 விசில் இன்னும் திரும்பி வரவில்லை. பிள்ளைகளிடம் இருந்தால் வாங்கிக் கொடுத்துவிடவும்.

செயலாளர்