மலை ஏறும் எஸ்யுவி: விடுபடும் கணக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வாகனப் பக்கத்தில் நடுத்தர எஸ்யுவி கார்களைப் பற்றி வரும் கட்டுரைகளைத் தவறாமல் படித்து வருகிறேன். மைலேஜுக்கும் தொடுதிரைக்கும் அவற்றில் கிடைக்கும் இடம், ஏற்றத்தில் பாரம் இழுக்கும் திறனுக்குக் கிடைப்பதில்லை. கோத்தகிரியில் வாழும் எங்களுக்கு அதுவே முதற்கேள்வி.

மேட்டுப்பாளையத்திலிருந்து இங்கு வருவதற்குள் வண்டி ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம் ஏறியாக வேண்டும். மேலே போகப் போகக் காற்று மெலிவதால், டர்போ (காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் செலுத்தும் கருவி) இல்லாத பெட்ரோல் இன்ஜின் ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் தன் திறனில் சுமார் பத்தில் ஒரு பங்கை இழக்கிறது. 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடுகிறது. ஹூண்டாய் க்ரெட்டா காரின் 1.5 லிட்டர், டர்போ இல்லாத சாதாரண பெட்ரோல் இன்ஜினுக்கும் டீசல் இன்ஜினுக்கும் குதிரைத்திறன் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் சக்கரங்களைச் சுழற்ற இன்ஜின் தரும் முறுக்குவிசை பெட்ரோலில் 144 நியூட்டன் மீட்டர், டீசலில் 250. டீசலில் அது, இன்ஜின் நிமிடத்துக்கு 1,500 சுற்று என்ற குறைந்த வேகத்தில் சுழலும்போதே கிடைத்தும் விடுகிறது. கொண்டை ஊசி வளைவில் நின்று மீண்டும் வண்டியை எடுப்பவர் இந்த வேறுபாட்டை நன்கு உணர்வார்.

என் பழைய பெட்ரோல் கார், குடும்பத்தார் நால்வரோடும், உர மூட்டைகளும் மருந்தடிக்கும் மோட்டாரும் ஏற்றிய சிறு டிரெய்லரோடும், ஐப்பசி மழையில் ஒரு வளைவில் ஏற மாட்டாமல் நின்றுவிட்டது. முன்சக்கரங்கள் ஈரத்தில் வெறுமனே சுழல, கிளட்ச் கருகும் நெடி வந்தது. டிரெய்லரின் பாரம் கொக்கி வழியாகப் பின்பக்கத்தை அழுத்தும்போது முன்சக்கரங்களின் பிடிமானம் குறையும் என்பதையும், ஆகவே பாரம் இழுப்பதற்குப் பின்சக்கர இயக்கமோ நான்கு சக்கர இயக்கமோ உள்ள வண்டியே ஏற்றது என்பதையும் வாங்கும்போது எனக்கு எவரும் சொல்லவில்லை. இறக்கத்தில் ஆபத்து இன்னும் அதிகம். பிரேக் இல்லாத டிரெய்லர் வண்டியைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே வரும்.

ஏழு இருக்கை வண்டி வாங்கினால் டிரெய்லரே தேவைப்படாது என்று சிலர் சொல்கிறார்கள். ஹூண்டாயின் ஏழு இருக்கை அல்கசாரில் மூன்றாம் வரிசையை நிமிர்த்தினால் பின்னால் எஞ்சுவது 180 லிட்டர் இடம்தான். டீசல் ஆட்டோமேட்டிக்கில் 400 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தரும் மஹிந்திரா ஸ்கார்ப்பியோ-என் வண்டியிலும், ஏழு பேரும் அமர்ந்துவிட்டால் பின்னால் மூட்டை வைக்க வழியில்லை. ஆளும் சுமையும் சேர்ந்து போக வேண்டிய வீடுகளுக்கு, முறைப்படி தனியே பதிவு செய்த டிரெய்லரே கைகொடுக்கிறது.

அப்படியிருந்தும், எத்தனை கிலோ வரை இழுக்கலாம் என்ற விவரம் நம் நாட்டுக் கார்களின் விளக்கக் கையேடுகளில் பெரும்பாலும் காணப்படுவதில்லை. பிரேக் உள்ள டிரெய்லருக்கு எவ்வளவு, இல்லாததற்கு எவ்வளவு என்று நிறுவனங்களிடம் கேட்டுப் பெற்று, ஒவ்வொரு வண்டியின் மதிப்பீட்டோடும் வெளியிடுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன். இயன்றால் ஒரு வண்டியையாவது முழுப் பாரத்துடன் மேட்டுப்பாளையத்திலிருந்து ஓட்டிவந்து பார்த்து எழுதுங்கள்.

இப்படிக்கு,
சிறு தேயிலை விவசாயி ஒருவர்,
கோத்தகிரி.