குதிரை வில்லுக்குத் தனிப் பிரிவு: கைகொடுத்த எல்லாருக்கும் நன்றி

அன்பு நண்பர்களே, வணக்கம்.

எங்கள் அம்பெய்தல் கிளப்பின் பொதுப் போட்டியில் குதிரை வில்லுக்கென்று ஒரு தனிப் பிரிவு வந்துவிட்டது. புள்ளித் தாளில் அந்தப் பெயர் அச்சாகி வந்ததும் பலர் படம் எடுத்து வைத்துக்கொண்டார்கள், நானும்தான். இதற்குப் பின்னால் யார் யார் உழைத்தார்கள் என்பது வாட்ஸ்அப் குழுவில் இருப்பவர்களுக்கு மட்டும் தெரிந்தால் போதாது. அதனால் இந்த மடல்.

என்ன பெரிய விஷயம் என்று கேட்பவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். குதிரை வில் என்பது குதிரை மேலிருந்து எய்வதற்கான வில். குட்டையானது, முனைகள் எதிர்ப்பக்கம் வளைந்தது. துருக்கி, மங்கோலியா, கொரியா, ஹங்கேரி என்று ஒவ்வொரு ஊருக்கும் ஒரு வடிவம். ஒரு காலத்தில் மரம், கொம்பு, விலங்கின் தசைநார் மூன்றையும் சேர்த்து ஒட்டிச் செய்தார்கள். இன்று நம்மிடம் இருப்பவை பெரும்பாலும் ஃபைபர் கிளாஸ். அம்பை வைக்கத் தாங்கி கிடையாது, அது கையின் மேலேயே உட்காரும். இந்த வில்லோடு போட்டிக்குப் போனால் பேர்போ (குறிபார்க்கும் கருவி இல்லாத நவீன வில்) பிரிவில்தான் பெயரைப் போடுவார்கள். பேர்போவுக்கு அம்புத் தாங்கி உண்டு, அம்பைப் பக்கவாட்டில் தாங்கும் பிளஞ்சர் என்ற சிறு ஸ்பிரிங் குமிழ் உண்டு, கைப்பிடியில் எடை மாட்டலாம். தூரத்துக்கு ஏற்ப நாணில் விரலை இறக்கிப் பிடித்து உயரத்தைச் சரிசெய்யலாம். கட்டைவிரலில் மோதிரம் போட்டு இழுப்பவரால் அது முடியாது, அம்பின் வாலை ஒட்டியே பிடித்தாக வேண்டும். சரி, லாங்போ என்ற நீண்ட மரபு வில் பிரிவுக்குப் போகலாம் என்றால், உலக அம்பெய்தல் சம்மேளன விதிப்படி நாண் மாட்டிய வில்லில் இரு முனைகளைத் தவிர வேறெங்கும் நாண் தொடக் கூடாது. மங்கோலிய வில்லிலோ முனைக்குக் கீழே நாண் உட்காருவதற்கென்றே ஒரு மேடு இருக்கும்.

முதல் நன்றி எங்கள் தலைமை நடுவர் சிக்குவுக்கு. ஆரம்பத்தில் வேண்டாம் என்றவரே அவர்தான். எங்களில் சிலர் துருக்கிய பாணியில் வில்லைத் தலைக்கு மேல் தூக்கி, இறக்கிக்கொண்டே இழுப்போம். அந்த நிலையில் கை நழுவினால் அம்பு தடுப்பைத் தாண்டிப் போய்விடும் என்றார். நியாயம்தானே? மறுத்துவிட்டு வீட்டுக்குப் போகாமல், வார இறுதிகளில் திடலுக்கு வந்து பக்கத்தில் நின்று பார்த்தார். அப்புறம் பாதுகாப்பு விதிகளை அவரே எழுதித் தந்தார். அம்பின் நுனி இலக்குத் தடுப்பின் மேல்விளிம்புக்கு மேலே போகாமல் இழுக்க வேண்டும். காது தாண்டி இழுப்பவர்கள் முழுதாக இழுத்த நிலையிலும் அம்பு கைக்கு வெளியே குறைந்தது இரண்டு விரல் அளவு நீண்டிருக்க வேண்டும். நுனி உள்ளே வந்துவிட்டால் அம்பு சொந்தக் கையிலேயே ஏறிவிடும் என்பதால் இந்தச் சோதனையிலிருந்து யாருக்கும் விலக்கு இல்லை. எங்களை எதிர்த்தவர் எழுதிய விதி என்பதாலேயே அதை யாரும் குறை சொல்லவில்லை.

அடுத்து செயலாளர் அக்கா. கட்டைவிரல் இழுப்பு மட்டுமா, மூன்று விரலும் சேர்த்தா என்று குழுவில் நடந்த சண்டையை அவர் எப்படிப் பொறுத்துக்கொண்டார் என்று இன்னும் எனக்குப் புரியவில்லை. மோதிரக்காரர்கள் 2019இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த துருக்கிய அம்பெய்தல் மரபைக் காட்டினார்கள். எதிர்த்தரப்பு, குதிரை மேல் அம்பெய்வதை ஹங்கேரியில் மறுபடி உயிர்ப்பித்த கஷ்ஷாய் லயோஷைக் காட்டியது, அவர் விரல்களால் இழுப்பவர். அக்கா ஒரே வரியில் முடித்தார்: "பிரிவு வில்லுக்கு, விரலுக்கு இல்லை." எந்தப் பக்கம் நின்றாலும் வாதாடிய எல்லாருக்கும் நன்றி. அந்த வாதம் இல்லாவிட்டால் இதே தகராறு போட்டி நாளில் திடலில் நடந்திருக்கும்.

வில் செய்யும் அண்ணனுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். அம்பு மரமோ மூங்கிலோ கார்பனோ எதுவாகவும் இருக்கலாம், ஆனால் இறகு மட்டும் இயற்கை இறகாக இருக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவர் அவர். அம்பு கையை உரசிக்கொண்டு போகிறது, பிளாஸ்டிக் இறகு தோலைக் கிழிக்கும், அம்பும் திசை மாறும் என்று செய்தே காட்டினார். அதற்கு விலையும் கொடுத்தோம். மத்தியான மழையில் இறகெல்லாம் நனைந்து கம்போடு ஒட்டிக்கொண்டது. வீட்டுக்கு ஓடிப்போய் ஹேர் டிரையர் எடுத்துவந்த அக்கா, உங்கள் பெயரைக் கேட்டு வைக்கவே மறந்துவிட்டோம்!

திடலைத் தந்த தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியருக்கும் பெற்றோர் சங்கத்துக்கும் நன்றி. கொரியர்கள் மரபு வில்லில் 145 மீட்டர் எய்கிறார்கள். மங்கோலியாவின் நாதம் விழாவில் ஆண்களுக்கு 75, பெண்களுக்கு 65. நாங்கள் அதையெல்லாம் செய்தால் அம்பு பக்கத்துத் தாமான் (குடியிருப்பு) வீடுகளில்தான் போய் விழும். எனவே 20 மீட்டரும் 30 மீட்டரும் என்று அடக்கமாக வைத்துக்கொண்டோம். குறை என்று சிலர் சொன்னார்கள். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை, புதிதாக வந்த பிள்ளைகள் துணிந்து பெயர் கொடுத்ததே அதனால்தான்.

காம்பவுண்ட் (கப்பி வைத்த வில்) பிரிவு நண்பர்கள் தங்கள் போட்டி முடிந்தும் போகாமல் எங்களுக்காக இலக்குகளைத் தூக்கி நகர்த்தினார்கள். நாசி லெமாக் பொட்டலம் கட்டிய அம்மாமார், கோப்பைகளுக்குப் பணம் கொடுத்துவிட்டுப் பெயர் போடாதே என்ற அங்கிள், புள்ளி எழுதிய இடைநிலைப்பள்ளி மாணவர்கள், எல்லாருக்கும் எங்கள் நன்றி.

இந்த விதிகளை வேறு கிளப்புகளும் கேட்கத் தொடங்கியிருக்கின்றன. வேண்டுவோர் செயலாளரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம், மாற்றிக்கொள்ளவும் செய்யலாம். என்ன மாற்றினீர்கள் என்று மட்டும் எங்களுக்குச் சொல்லுங்கள். அடுத்த முறை சிறுவர்களுக்கு வில்லின் இழுவிசை எத்தனை பவுண்டு வரை என்பதை முடிவு செய்தாக வேண்டும், சிக்கு இப்போதே கேட்க ஆரம்பித்துவிட்டார். அப்புறம், ஒரு பித்தளை மோதிரமும் சில மூங்கில் அம்புகளும் பள்ளிக் காவலாளியிடம் இருக்கின்றன. உரியவர்கள் வந்து வாங்கிக்கொள்ளவும்.

நன்றியுடன்,
குதிரை வில் பிரிவு ஏற்பாட்டுக் குழு சார்பில்