கரண்ட் வைத்து முடித்த பிறகும் கூட நின்றவர்களுக்கு

அனைவருக்கும் வணக்கம்.

தொண்டைப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு சிகிச்சை எடுத்து எனக்குப் பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. எங்கள் பக்கத்தில் அதைக் 'கரண்ட் வைக்கிறது' என்பார்கள். கட்டி திரும்ப வரவில்லை. அதற்காக அடையாறு புற்றுநோய் மருத்துவமனையின் மருத்துவர்களுக்கும், தினமும் முகத்தில் மாஸ்க்கைப் பொருத்தி, "அசையாம இருங்க ஐயா, இதோ முடிஞ்சிடும்" என்று தைரியம் சொன்ன டெக்னீஷியன் தம்பிகளுக்கும் முதல் நன்றி. முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் தொடங்கி, டாக்டர் சாந்தா தன் வாழ்நாளையே கொடுத்த இடம் அது.

இந்த மடலை எழுத உட்கார்ந்தது சிகிச்சை முடிந்த பிறகு எனக்குத் துணையாக வந்தவர்களை நினைத்துத்தான். எச்சில் சுரப்பி, தாடை எலும்பு, விழுங்கும் தசை, தைராய்டு எல்லாமே கதிர் போகும் வழியில் இருக்கின்றன. சிகிச்சை வழக்கமாக 35 தவணை, 7 வாரத்தில் முடிந்துவிடும். அதன் பின்விளைவுகள் பல வருடம் கழித்தும் வரும்.

பல் மருத்துவர் அம்மாவுக்கு என் தாடையே கடன்பட்டிருக்கிறது. எச்சில் வற்றியதால் பற்கள் சொத்தையாகி, ஒரு கடைவாய்ப்பல் தாங்க முடியாமல் வலித்தது. வேறொரு இடத்தில் உடனே பிடுங்கத் தயாராக இருந்தார்கள். "கதிர் பட்ட எலும்புக்கு ரத்த ஓட்டம் குறைவு. பிடுங்கினால் புண் ஆறாது, எலும்பே செத்துப்போகலாம்" என்று தடுத்து, வேர் சிகிச்சை செய்து அந்தப் பல்லைக் காப்பாற்றினார். பல் சொத்தையாகாமல் இருக்க ஃப்ளோரைடு ஜெல் போடும் பழக்கத்தையும் அவர்தான் ஏற்படுத்தினார்.

பேச்சுப் பயிற்சியாளர் மகளே, உனக்கு எப்படி நன்றி சொல்வது? அடிக்கடி சளிக் காய்ச்சல் வந்து மாத்திரையை மாற்றிக்கொண்டே இருந்தோம். இருமலே இல்லாமல் சாப்பாடு மூச்சுக்குழாய்க்குள் இறங்கலாம் என்று சந்தேகப்பட்டு, எக்ஸ்ரேயில் தெரியும் பேரியம் என்ற மருந்தைக் குடிக்க வைத்து, விழுங்குவதைப் படம் எடுக்கச் சொன்னது நீதான். தாடையை நெஞ்சோடு தாழ்த்தி விழுங்குவது, நாக்கு நுனியைப் பல்லிடையில் பிடித்துக்கொண்டு வெறும் எச்சிலை விழுங்கிப் பழகுவது என்று எத்தனை பயிற்சி! சலிக்காமல் சொல்லிக்கொடுத்தாய்.

எந்நேரமும் சோர்வாக இருக்கிறது என்றபோது, வயதாகிவிட்டது என்று அனுப்பிவிடாமல் தைராய்டு ரத்தப் பரிசோதனை எழுதிக்கொடுத்த ஆரம்ப சுகாதார நிலையத்து இளம் டாக்டருக்கும் நன்றி. கழுத்தில் கரண்ட் வைத்தவர்கள் எல்லோரும் இந்தப் பரிசோதனையை ஆறு மாதத்துக்கோ வருடத்துக்கோ ஒருமுறை செய்துகொள்ளுங்கள்.

என் மனைவிக்கு இதையெல்லாம் நேரில் சொன்னால் பேச்சை மாற்றிவிடுவாள். காரமில்லாத குழம்பைத் தனியாக வைத்து, சோற்றைக் குழைய வடித்து, நான் மெல்ல மெல்லச் சாப்பிட்டு முடிக்கும்வரை கூடவே உட்கார்ந்திருப்பவள் அவள். கல்யாணப் பந்தியில் என் இலையை எடுக்கவிடாமல் காவல் நின்ற பஸ் டிப்போ நண்பர்களையும் மறக்கமாட்டேன்.

தை மாதம் பேரனுக்குக் காதுகுத்து. நீங்கள் எல்லோரும் குடும்பத்தோடு அவசியம் வரவேண்டும்.

நன்றியுடன்,
ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர், விழுப்புரம்